கோர்ட்டில் நிற்கும் உயில்: சொத்துக் கணக்கு எடுப்பதிலிருந்து பட்டா மாறும் வரை

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான உயில் கோர்ட்டில் தோற்றுப்போவதும் உண்டு. வெள்ளைத்தாளில் கையால் எழுதிய உயில் ஜெயிப்பதும் உண்டு. உயில் பேச ஆரம்பிக்கும்போது அதை எழுதியவர் உயிரோடு இருக்க மாட்டார். "ஆமாம், இது என் கையெழுத்துதான், புத்தி தெளிவாக இருக்கும்போது நானேதான் போட்டேன்" என்று அவருக்காக வேறு யாராவது வந்து சொல்லியாக வேண்டும். யார் வந்து சொல்வார்கள், அவர்களை நம்ப முடியுமா என்பதில்தான் உயிலின் உயிர் இருக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு யோசனையும் அதை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

இது தமிழ்நாட்டில் உள்ள இந்துக்களுக்கான வழிமுறை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மாறும் இடங்களைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறது.

எழுதாமல் விட்டால் யாருக்குப் போகும்

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. தாய்க்குப் பங்கு உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்து, அந்தப் பங்கைப் பிரிக்காமலே தாயும் காலமானால், தாயின் பங்குக்கு அவருடைய மற்ற பிள்ளைகளும் வாரிசு. இறந்தவரின் மனைவி வீட்டை விற்கப் போகும்போது, கணவரின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

பெண்களுக்கு இன்னும் சிக்கல். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால், ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடுகூட 15ஆம் பிரிவின்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவரைப் பெற்ற அம்மா அப்பா அதற்குப் பிறகுதான். பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். பிள்ளை இல்லாத பெண்கள், கணவரை இழந்த பெண்கள் உயில் எழுதுவதைத் தள்ளிப்போடவே கூடாது. இதில் வயது ஒரு பொருட்டே இல்லை. 18 வயது முடிந்து புத்தி தெளிவாக இருக்கும் யாரும் எழுதலாம்.

முதலில் கணக்கு

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வீடு, நிலம், வங்கிக் கணக்கு, டெபாசிட், லாக்கர், நகை, காப்பீடு, பி.எஃப்., டீமேட் கணக்கு, வண்டி, கொடுத்த கடன், வாங்கிய கடன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் வேண்டும். அது எப்படி உங்களுக்கு வந்தது, யார் நாமினி.

எப்படி வந்தது என்பது முக்கியம். சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று பார்க்கும்போது மகள்களையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளையும் மகனைப் போலவே கூட்டுப் பங்காளி ஆக்கின. முழுச் சொத்தும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு பூர்வீக நிலம் முழுவதையும் ஒரு மகன் பேருக்கு எழுதினால், பங்குக்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த உயில் செல்லாது.

நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் என்ற நினைப்பு இன்னும் மாறவில்லை. வங்கிப் பணத்துக்கும் பங்குகளுக்கும் நாமினி என்பவர் வாங்கி வைத்திருந்து உரியவரிடம் ஒப்படைப்பவர் மட்டுமே. பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்குப் பணத்தில் உரிமையே உண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை வைத்து வாரிசுகள் சண்டை போடாமல் இருக்க ஒரே வழி, உயிலில் யார் பெயரோ நாமினியிலும் அதே பெயர். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம் என்பதால், இரண்டு பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று எழுதுகிறவர்கள் வங்கியிலும் அப்படியே மாற்றிவிடலாம். பி.எஃப். கணக்கில் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு புதிதாகப் போட்டார்களா என்று ஒருமுறை பாருங்கள். குடும்பம் ஏற்பட்டதும் பழைய நியமனம் செல்லாமல் போய்விடும்.

உயிலில் என்னென்ன எழுத வேண்டும்

முத்திரைத்தாள் தேவையில்லை. உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது. கௌரவத்துக்காக முத்திரைத்தாளில் எழுதுவது சில சமயம் வினையாகவே முடியும்: தாள் வாங்கிய தேதிக்கு முந்தைய தேதியில் உயில் இருந்தால், அந்த ஒன்றை வைத்தே பொய் உயில் என்று வாதாடுவார்கள். நல்ல கெட்டியான வெள்ளைத்தாளில், ஒரு பக்கம் மட்டும், கையாலோ கணினியிலோ எழுதுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் உயில் தயாரித்தால், அவருக்குத் தமிழில் படித்துக் காட்டிப் புரிய வைத்ததை நிரூபிக்கும் சுமை கூடுதலாக வந்து சேரும்.

முதல் பத்தியில் பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, தேதி. ஆதாரில் ஒரு எழுத்தும் பத்திரத்தில் வேறு எழுத்தும் இனிஷியலாக இருந்தால் இரண்டையும் குறிப்பிட்டு "ஆகிய இரண்டும் நானே" என்று எழுதிவிடுங்கள். அடுத்து, நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதுவதாக ஒரு வரி. பிறகு இப்படி:

"நான் இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன். இதுவே என் கடைசி உயில். என் ஆயுட்காலம் வரை என் சொத்துகளை நானே அனுபவித்து வருவேன்."

அதன்பின் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், ஒன்றும் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தவர் உட்பட. ஒரு மகளின் பெயரே இல்லாத உயிலைப் பார்த்தால், "அவருக்கு மகள் இருப்பதே நினைவில்லாத நிலையில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்" என்று சொல்ல இடம் கிடைக்கும். பெயரைச் சொல்லி, அவருக்கு எப்போது என்ன செய்தீர்கள், ஏன் இதில் பங்கு இல்லை என்பதை இரண்டு வரியில் எழுதினால் அந்த வாதம் அடிபடும். காரணம் அமைதியாக இருக்கட்டும். திட்டித் தீர்க்கும் வரிகள் உயிலில் வேண்டாம். எழுதியவர் கோபத்தில் நிதானம் இழந்திருந்தார் என்று அதையே எடுத்துக்காட்டுவார்கள்.

சொத்து விவரத்தை மனப்பாடமாக எழுதாதீர்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், சர்வே எண் உட்பிரிவோடு, விஸ்தீரணம், நான்கெல்லை, பத்திர எண்ணும் ஆண்டும், வீடாக இருந்தால் கதவு எண், சொத்துவரி எண், மின் இணைப்பு எண். தாய்ப்பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். சர்வேக்குப் பிறகு பட்டாவில் வேறு எண் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். பட்டாவில் ஹெக்டேர் கணக்கும் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் கணக்கும் இருக்கும். மாற்றும்போது ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். நகையை "என் நகைகள்" என்று விடாமல், ஆரம் இத்தனை பவுன், வளையல் ஒரு ஜோடி இத்தனை பவுன் என்று பிரித்து எழுதினால் பெண்களுக்குள் மனக்கசப்பு குறையும்.

தமிழ்நாட்டு உயில்களில் மிகவும் தகராறு தரும் வாசகம், "என் மனைவி ஆயுள் வரை அனுபவித்து, அவளுக்குப் பிறகு என் மகன் அடைய வேண்டியது" என்பது. கணவர் நினைப்பது, மனைவிக்குக் குடியிருக்கும் உரிமை, மகனுக்குச் சொத்து. ஆனால் ஜீவனாம்சத்துக்காக மனைவிக்கு ஏற்கெனவே இருந்த உரிமையை ஒப்புக்கொண்டு கொடுத்ததாக அந்த வாசகம் அமைந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவின்படி அது முழு உரிமையாகவே மாறிவிடலாம். 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அப்படி ஆனால் மனைவி அதை விற்கலாம், வேறு யாருக்கும் எழுதலாம். ஜீவனாம்சம் என்ற பேச்சே இல்லாமல், கட்டுப்பாட்டோடு கொடுத்ததாக மட்டும் இருந்தால் 14(2) பொருந்தும். ஆயுள் உரிமை ஆயுள் உரிமையாகவே நிற்கும். எது பொருந்தும் என்று கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. மனைவிக்கு முழுதாகக் கொடுக்க மனமிருந்தால் "சர்வ சுதந்திரமாக" என்று எழுதி அங்கேயே நிறுத்துங்கள். முழு உரிமை கொடுத்துவிட்டு "அவளுக்குப் பிறகு இன்னாருக்கு" என்று அடுத்த வரி எழுதினால் அந்த வரி அடிபட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஆயுள் உரிமை மட்டும்தான் என்றால், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை, வாடகை யாருக்கு, வரியும் பராமரிப்பும் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு இடத்துக்காவது ஒரு சிவில் வழக்கறிஞரிடம் காட்டுவது செலவுக்குத் தகும்.

பெறுகிறவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால்? அவர் உங்கள் பிள்ளையாக இருந்து, அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பங்கு வீணாகாது. தம்பியோ நண்பரோ என்றால் அந்தப் பங்கு மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். அதனால் "அவர் எனக்கு முன் இறந்தால் இன்னார்" என்று மாற்றுப் பெயர் போடுங்கள். மீதிச் சொத்துக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்:

"இந்த உயிலில் தனியாகக் குறிப்பிடாததும், இனி எனக்கு வந்து சேரக்கூடியதுமான அசையும், அசையா சொத்துகள் அனைத்தையும் இன்னார் அடைய வேண்டியது."

இந்த வரி இல்லாவிட்டால், உயில் எழுதிய பிறகு வாங்கிய மனைக்கு உயிலே இல்லாதது போல் ஆகி, எல்லா வாரிசுகளுக்கும் பங்கு வரும்.

கடைசியாக, உயிலை நிறைவேற்றுகிறவர். கோர்ட், வங்கி, தாலுகா அலுவலகம் என்று அலையக்கூடியவர், உங்களைவிட வயதில் சிறியவர், உள்ளூரிலேயே இருப்பவர், கணக்கில் நேர்மையானவர். வெளிநாட்டில் இருக்கும் மகனை மட்டும் போடாதீர்கள். அவரோடு இங்கே ஒருவரையும் சேருங்கள். ஈமச்செலவும் கடனும் போக மீதிதான் பங்கு என்பதையும், வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் அதை வீட்டைப் பெறுகிறவர் கட்டுவதா, எல்லோரும் சேர்ந்தா என்பதையும் எழுதிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் நாள்

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். எழுதியவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் எழுதியவர் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் மூவரும் ஒரே மேசையில், ஒரே வேளையில், ஒரே பேனாவில் முடிப்பது நல்லது. பின்னால் கூண்டில் ஏறி, "அவர் போட்டதை நான் பார்த்தேன், நான் போட்டதை அவர் பார்த்தார்" என்று ஒரு சாட்சியாவது சொல்லியாக வேண்டும். "முன்னாடியே கையெழுத்து இருந்தது, என்னிடம் நீட்டினார்கள், போட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டால் உயில் கவிழ்ந்துவிடும். ஆகவே சாட்சிக் கையெழுத்துக்கு மேலே இப்படி எழுதி, அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்:

"மேற்படி உயிலை எழுதி வைத்தவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார். நாங்கள் இருவரும் அவர் பார்க்கச் சாட்சிக் கையெழுத்திட்டோம்."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் கையெழுத்து வேண்டும். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விடாதீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும்; முடிந்தால் அந்தப் பக்கத்தையே புதிதாக அடித்துவிடுங்கள். வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிறவர் கை நடுக்கத்தால் ரேகை வைத்தால், "கை நடுக்கத்தால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துள்ளேன்" என்று காரணத்தை எழுதுங்கள்.

சாட்சியாக யாரை அழைப்பது? உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயதாவது குறைந்தவர், சொந்த ஊரிலேயே வேலையோ வீடோ உள்ளவர், உயிலில் எந்த லாபமும் இல்லாதவர். இந்துக்களுக்குப் பயனாளியே சாட்சியாக இருக்கச் சட்டத் தடை இல்லை என்றாலும், அவர் சாட்சியத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சி என்றால் மிகவும் நல்லது; புத்தி தெளிவையும் கையெழுத்தையும் ஒரே ஆள் சொல்லிவிடுவார். அவர் பெயருக்குக் கீழே முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கவனிப்பு: பத்திர எழுத்தர் "எழுதியவர்" என்று போடும் கையெழுத்தும், நோட்டரி முத்திரையும், பதிவின்போது அடையாளம் காட்டுகிறவர்களின் கையெழுத்தும் தாமாகவே சாட்சிக் கையெழுத்து ஆகிவிடாது. ஒரு சாட்சியும் ஒரு எழுத்தரும் மட்டும் உள்ள உயில் கோர்ட்டில் தடுமாறும்.

1958இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்குவது உயிலைக் காட்டுகிறவர் பொறுப்பு என்றது. சந்தேகம் என்று அங்கே எடுத்துக்கொள்வது, பெரிய பங்கு பெறும் மகனே வக்கீலைப் பார்த்து, வண்டி வைத்து அழைத்துப் போய், தன் நண்பர்களைச் சாட்சி போட்டது போன்றவற்றைத்தான். அப்பா அம்மாவுக்கு உதவ நினைக்கும் பிள்ளைகள் இந்த நாளில் தள்ளி நிற்பதே பெரிய உதவி. வீடியோ எடுப்பதாக இருந்தால் அந்த அறையில் பயனாளி இருக்கக் கூடாது, "சரிதானே?" என்று கேட்டுத் தலையாட்ட வைக்காமல், யாருக்கு எது, ஏன் என்று அவரே தன் வாயால் சொல்லட்டும். வீடியோ துணைச் சாட்சியம்தான், இரண்டு சாட்சிகளுக்கு அது ஈடாகாது.

பதிவு செய்யலாமா

கட்டாயம் இல்லை, ஆனால் செய்வது நல்லது. காணாமல் போனாலும் நகல் கிடைக்கும். தேதியைப் பற்றிச் சண்டை வராது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், சொத்து உள்ள ஊருக்கே போக வேண்டியதில்லை. படுக்கையில் இருப்பவர் விண்ணப்பித்தால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வரவும் வழி உண்டு. உயில் அதற்கென்று தனியாக உள்ள பதிவேடான மூன்றாம் புத்தகத்தில் ஏறும் என்பதால் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. உங்கள் ஆயுட்காலத்தில் வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்கக் கூடாது என்றால், உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். பதிவாகாத உயிலை எழுதியவர் இறந்த பிறகுகூடப் பதிவுக்குக் கொண்டுபோகலாம். அப்போது விசாரணை இருக்கும்.

மூல உயிலை லாக்கரில் வைத்தால் லாக்கருக்கு இணை உரிமையாளரோ நாமினியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் உயிலை எடுக்கவே உயில் தேவைப்படும். எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். சிறு மாற்றத்துக்கு இணைப்பு உயில் எழுதலாம், அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். இரண்டு மூன்று இணைப்புகள் சேர்ந்தால் குழப்பம். முழுதாகப் புது உயில் எழுதிவிடுவதே மேல். உயிலில் ஒருவருக்கு எழுதிய மனையை நீங்களே விற்றுவிட்டால் அவருக்கு அந்தப் பணம் போகாது, அந்தப் பங்கே இல்லாமல் போகும். எனவே எதையாவது விற்றால் உயிலைத் திறந்து பாருங்கள்.

உயிலுக்குப் பதில் இப்போதே செட்டில்மென்ட் பத்திரம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது பதிவான அன்றே உரிமை கைமாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. செய்தே ஆக வேண்டும் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி சொத்தைத் திரும்பப் பெற அந்த வரிதான் பிடிமானம்.

மதத்தால் மாறுவது

கிறிஸ்தவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். மறுமணம் செய்பவர்களும் புதிதாக எழுத வேண்டும். முஸ்லிம்கள் ஈமச்செலவும் கடனும் போக மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயிலாக எழுதலாம். வாரிசாக வரக்கூடியவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாய்மொழியாகவும் சொல்லலாம் என்றாலும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

காலமான பிறகு

இறப்புச் சான்றிதழ் பல நகல்கள், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மூல உயில், சொத்துப் பத்திரங்கள். பட்டா மாற்ற இவற்றோடு விண்ணப்பித்தால், மற்ற வாரிசுகள் ஆட்சேபிக்காதவரை வேலை நடக்கும். ஆட்சேபம் வந்தால் வருவாய்த்துறை உரிமையைத் தீர்மானிக்காது, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். சென்னை மாநகரில் எழுதிய அல்லது அங்கே உள்ள சொத்து பற்றிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று, வாங்கியே தீர வேண்டும் என்று இருந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். தகராறு வரும் என்று தெரிந்தால் புரொபேட் வாங்கி வைப்பது இப்போதும் நல்லது. சொத்தை விற்கும்போது வாங்குகிறவரும் வங்கியும் அதைக் கேட்கக்கூடும். நிறைவேற்றுகிறவரை நியமித்த உயிலுக்குத்தான் புரொபேட். நியமிக்காவிட்டால் நிர்வாக அதிகாரப் பத்திரம் கேட்டு மனு போட வேண்டும்.

இறந்தவருக்கு எந்த வங்கியில் என்ன இருந்தது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள், ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் அவர் பெயரும் பான் எண்ணும் கொடுத்து, பத்தாண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகளைத் தேடலாம். அதில் வருவது பழைய கணக்குகள் மட்டுமே. நேற்று வரை நடப்பில் இருந்த கணக்கைக் கண்டுபிடிக்க, முதலில் சொன்ன அந்த நோட்டு உயிலோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வரிக்கணக்கு கொடுக்கும்போதே அதையும் திருத்தி வையுங்கள்.